பகல் இரண்டு மணிக்கு மாலை வணக்கம்

தொலைக்காட்சியில் இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறவர்களைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போது கையிலுள்ள அட்டையைக் குனிந்து பார்க்கிறவர் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லாதவர். தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிக்கிறவரை வேறு உத்தியோகம் பார்க்க அனுப்பிவிடலாம். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர்தான் தொகுப்பாளர். அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து நல்லதொரு நேரத்தில் உட்கார வைத்துவிட்டால், அதன் பிறகு அந்த நேரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

இதையெல்லாம் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். இந்தக் காலத்தில் மணி பார்த்துத் தொலைக்காட்சி முன்னால் குந்துகிறவர்கள் யார், வேண்டியபோது கைபேசியில் பார்த்துவிட்டுப் போகலாமே என்கிறார். நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையின் பெரிய தொலைக்காட்சி பெரும்பாலும் அணைந்துதான் கிடக்கிறது. அவர் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அவர், அதே நகரத்தின் இன்னொரு கோடியில் குரோருட்டில் இருந்த என் பெற்றோர் வீட்டில் வளரவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் சந்தித்துக்கொள்வது வாசலில்தான். அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நான் எழும்பும் முன்பே போய்விடுவார். அப்பா மாலையில் பஸ் ஓட்டினார். அம்மா திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அப்பா தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். கறி அடுப்பில் இருக்கிறது, பிள்ளையின் நீச்சல் துவாய் இன்னும் ஈரம், வங்கியிலிருந்து யாரோ தொலைபேசி எடுத்தார்கள் என்ற தகவல்கள் அந்த ஒரு நிமிடத்தில் கைமாறும். பிள்ளை வீட்டில் தனியே இருக்கக் கூடாது என்று இருவரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. சனி என்றால் தமிழ்ப் பாடசாலையும் சங்கக் கூட்டமும். ஞாயிறு என்றால் கோயில், பிறகு யாராவது ஒருவருடைய பிள்ளைக்குப் பிறந்தநாள். அங்கேயெல்லாம் அவர்கள் ஒன்றாகத்தான் போனார்கள். போனதும் அப்பா ஆண்கள் பக்கமும் அம்மா பெண்கள் பக்கமும் பிரிந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. தன்னோடு வேலை செய்த ஒரு நோர்வேக்காரருடன் பேசி, தன் வெள்ளி இரவு வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு அவருடைய சனி இரவு வேலையை அப்பா எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளியன்று மத்தியானம் போய் ஒன்பது மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். சனிக்கிழமை மண்டபக் கொண்டாட்டங்களுக்குப் போகாமல் இருக்க அது நல்ல சாட்டாகவும் இருந்தது. இவ்வளவும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக. ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணித்தியாலம் போகும் பேச்சு நிகழ்ச்சி அது.

அந்தத் தொகுப்பாளரை எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "எங்கடை ஆள்" என்றால் அவர்தான். அப்பா நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் இருந்தவர். சூரியன் எட்டிப் பார்க்காத அந்த மாரிக் குளிரில், தொலைக்காட்சிக்குள் இருந்து தன்னை நேராகப் பார்த்து மாலை வணக்கம் சொன்ன முதல் நோர்வேக்காரர் அந்த ஆள்தான் என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அதற்காக அவர் காட்டிய மரியாதை விளையாட்டு அல்ல. வேலையால் வந்து குளித்து இடுப்பில் சாரம் கட்டிச் சாப்பிடுகிற அப்பா, ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறைக்குள் போய், நீளக் காற்சட்டையும் அயர்ன் பண்ணிய சேட்டும் போட்டுத் தலை வாரிக்கொண்டு வருவார். ஒரு மனிதன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வீட்டுக்குள் வரும்போது நாங்கள் சாரத்தோடு உட்கார்ந்திருப்பது அழகில்லை என்பது அவருடைய வாதம். சேட்டை அயர்ன் பண்ணுவது அம்மா. அந்த வாதத்தை எதிர்த்து அம்மா ஒன்றும் சொல்லி நான் கேட்டதில்லை.

மற்ற எல்லா விஷயத்திலும் எதிர்த்தார். அரசியல்வாதி வந்து உட்கார்ந்தால் பிடித்து மடக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. "எங்கடை ஆள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த இடத்திலை ஒரு கேள்வி போடவேணுமெல்லோ?" என்று துள்ளுவார். அம்மா செற்றி இருக்கையின் மறு நுனியில் காலை மடித்து இருந்துகொண்டு, "கதைக்க விடுங்கோ. கதைக்க விட்டால் அந்தாள் தானாக் கக்கும்" என்பார். ஒரு மந்திரி உண்மையாகவே தானாகக் கக்கிய நாளில் அம்மா கைதட்டியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால் நோர்வேக்காரர் வெள்ளிதோறும் இறைச்சி வைத்து மடித்துத் தின்னும் டாக்கோ ரொட்டியை நாங்கள் சோயாமீற் போட்டுத் தின்போம். அதைத் தின்றுகொண்டே முதல் விருந்தாளி வரைக்கும் கம்பளத்தில் இருந்து பார்க்க எனக்கு அனுமதி. பிறகு படுக்க வேண்டும். சுவருக்கு அப்பாலிருந்து அவர்கள் இருவரும் ஏறி விழுந்து சண்டை பிடிப்பதைக் கேட்டபடி நித்திரையாவேன். தொகுப்பாளரின் குரலைவிட இவர்கள் குரல்தான் அதிகம் கேட்கும்.

நான் நாலாம் வகுப்பில் இருந்த அந்த வசந்தகாலத்தில் நேரம் மாறியது. ஒன்பதரை மணியை ஒரு புது இளைஞருக்குக் கொடுத்துவிட்டு எங்கள் ஆளைப் பதினொரு மணிக்குத் தள்ளிவிட்டார்கள். புதியவருக்குப் பளிச்சென்ற நிறத்தில் பூட்ஸும் நல்ல பல்வரிசையும் இருந்தன. அம்மா அவரை ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தார். "கேள்வியையும் இவரே கேக்கிறார், மறுமொழியையும் இவரே சொல்லுறார், சிரிப்பையும் இவரே சிரிக்கிறார். பிறகேன் ஒரு சனத்தைக் கூப்பிட்டு இருத்தி வைச்சிருக்கினம்?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தார். இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் இன்னும் வாசிக்கவில்லை.

பதினொரு மணி அம்மாவுக்குச் சரிவராது. சனிக்கிழமையும் விடியப்புறம் வேலை. அப்பாவோ தனியே இருந்து பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வெள்ளி அப்பா ஒன்பது மணிக்கு வந்தார், சாப்பிட்டார், சாரத்தோடு சங்கத்துக்காரர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார். அம்மா குசினியைத் துடைத்தார், துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார், படுக்கப் போனார். ஒன்பதரையும் இருந்தது, அவர்கள் இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு காரணமும் இல்லாமல் புருஷனும் பெண்சாதியும் செற்றியில் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. விசர் பிடித்துவிட்டதோ என்று ஒருவரை ஒருவர் நினைத்திருப்பார்கள். எனக்கு டாக்கோ தின்ன அவ்வளவு உற்சாகம் இல்லாமல் போனது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்றாவது வெள்ளியோ என்னவோ, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த நோர்வேக்காரன் தன்ரை சனியைத் திருப்பிக் கேக்கிறான். வெள்ளி இப்ப சும்மாதானே கிடக்கு. குடுத்துவிடட்டோ? சனி எண்டால் ஆக்களின்ரை விசேஷங்களுக்காவது போகலாம்."

அம்மா அப்பளத்தை வைத்த கையை எடுக்கவில்லை. அப்புறம், "இப்ப ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. நான் அந்த ஆளோடை ஒருக்கால் கதைச்சுப் பார்க்கிறன்" என்றார்.

பஸ் ஓட்டும் நோர்வேக்காரரோடு கதைக்கப் போகிறார் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா சொன்னது தொலைக்காட்சியில் வருகிற ஆளை.

அந்த நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக யாரும் போய் உட்காரலாம், கேட்டு எழுதினால் அட்டை அனுப்புவார்கள் என்று அம்மாவுக்குச் சமையலறையில் கூட வேலை செய்த நோர்வேப் பெண் சொல்லியிருந்தாள். அவளே அம்மாவுக்காகக் கேட்டும் கொடுத்தாள். அம்மாவுக்கும் எனக்குமாக இரண்டு அட்டைகள் வந்தன. அன்று ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்பதால் பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மாவும் லீவு போட்டார். அவருடைய நோர்வேஜிய மொழி சமையலறைக்கும் கடைக்கும் போதும். அதற்கு மேலே போகிற இடங்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர் நான். வைத்தியரிடமும் வரி அலுவலகத்திலும் நான் அப்போதே அனுபவசாலி.

அட்டையில் வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணி என்று போட்டிருந்தது. இதை அம்மா எப்படி விளங்கிக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களின் சாமத்தியச் சடங்குக்கோ அரங்கேற்றத்துக்கோ அட்டையில் ஐந்து மணி என்று இருந்தால் எட்டு மணிக்கு விளக்கேற்றுவார்கள். ஐந்துக்கே போய் நிற்பவர்கள் கதிரை அடுக்க உதவி செய்ய வேண்டியிருக்கும். நிகழ்ச்சி இரவு பதினொரு மணிக்கு என்றால் இரண்டு மணிக்கு வரச்சொல்வது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரிய இடம், கதிரை நிறைய இருக்கும் என்று அம்மா கணக்குப் போட்டார். "இரவு வரைக்கும் இருக்கவேண்டி வரும். அங்கை இருக்கிற சனமும் பசியோடை இருக்கும்" என்று முதல் நாளே மரக்கறி ரோல்ஸ் சுற்றத் தொடங்கினார். வடையும் சுட்டார். இரண்டு பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு பிளாஸ்க் தேநீர். தன் கல்யாண நாளுக்கு மட்டும் எடுக்கும் நீலச் சேலையைக் கட்டி, அதற்கு மேல் குளிர்கோட்டைப் போட்டு, பனிக்காலச் சப்பாத்தோடு புறப்பட்டார். தெருவெல்லாம் உருகின பனிச்சேறு. ஒரு பெட்டி அம்மாவின் மடியில், மற்றது என் மடியில் என்று சுரங்க ரயிலில் நகரத்தின் மறுபக்கம் போய் இறங்கினோம்.

படப்பிடிப்பு நடக்கும் கட்டடம் பெரிய சாமான் கிடங்கு மாதிரி இருந்தது. வாசலில் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் நரைத்த தலை நோர்வேப் பெண்கள். காதிலிருந்து வாய்வரை வளைந்த ஒலிவாங்கி மாட்டிய ஒரு பெண்பிள்ளை வந்து சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அப்ப இஞ்சையே முடிப்பம்" என்று பெட்டியைத் திறந்து வரிசையின் தலையிலிருந்து பரிமாறத் தொடங்கினார். முதலில் எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று புன்னகைத்தார்கள். ஒரு கிழவி எடுத்தாள். பிறகு வரிசை குலைந்துவிட்டது. உறைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அந்த ஒலிவாங்கிப் பெண்பிள்ளை இரண்டாவதை எடுத்தாள். கடைசியில் ஒரு பெட்டியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதை அவளே வாங்கி உள்ளே எங்கேயோ பத்திரமாக வைத்தாள்.

சரியாக இரண்டு மணிக்கு விளக்கெல்லாம் எரிந்தன. இசை வந்தது. எங்கள் ஆள் படியிறங்கி வந்தார், எங்களைப் பார்த்துக் கையை விரித்தார், "மாலை வணக்கம்" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். வெளியே நடுப்பகல் வெயிலில் நாங்கள் வடை தின்று முடித்து கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஒத்திகை பார்க்கிறார் போலும் என்று அம்மா கிசுகிசுத்தார். ஒத்திகை இல்லை. விருந்தாளிகள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். "இந்த நடுநிசியில் எங்களோடு விழித்திருந்ததற்கு நன்றி" என்று அவர் சொன்னபோது மூன்று மணிதான் ஆகியிருந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டு எழும்பினார்கள். நள்ளிரவு நிகழ்ச்சி நள்ளிரவில் நடப்பதில்லை என்பதை அந்த மண்டபத்தில் அறியாதிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா எழும்பவில்லை. ஒலிவாங்கிப் பெண்பிள்ளை பெட்டியோடு எங்கள் ஆளை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் பார்க்க அவர் தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் கட்டையாக இருந்தார், முகத்தில் பூசிய ஒப்பனை மா கழுத்தோடு முடிந்திருந்தது. ரோல்ஸ் நன்றாயிருந்தது என்று வாயில் மிச்சத்தோடு சொன்னார். சமையலறையில் நோர்வேஜிய மொழியில் பாடமாக்கி வைத்திருந்த வசனம் அம்மாவுக்கு அந்த நேரத்தில் வரவே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு தமிழில் தொடங்கிவிட்டார்.

"இவருக்குச் சொல்லு பிள்ளை. ஒன்பதரைக்கு எண்டால் நாங்கள் ரெண்டு பேரும் இருந்து பார்ப்பம். பதினொண்டுக்கு எண்டால் எனக்கு ஏலாது, நான் விடியப்புறம் வேலைக்குப் போறனான். அப்பா தனிய இருந்து பார்க்கமாட்டார். இப்ப வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் குடுக்கப் போறன் எண்டு நிக்கிறார். அதைக் குடுத்திட்டார் எண்டால் பிறகு எங்களுக்கு ஒரு நேரமும் இல்லை எண்டு சொல்லு."

நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. வினைச்சொல்லெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அட்டையும் பார்க்கவில்லை, மணிக்கூடும் பார்க்கவில்லை, பின்னால் அவரை யாரோ கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. அம்மா சொல்லும்போது அம்மாவையும் நான் சொல்லும்போது என்னையும் பார்த்தார். அவர் நல்ல தொகுப்பாளர் என்பதை நான் தொலைக்காட்சியில் பார்த்துச் சொல்லவில்லை.

நேரத்தைத் தான் தீர்மானிப்பதில்லை, அது மேலே இருக்கிறவர்களின் வேலை என்று அவர் சொன்னார். பதினொரு மணிக்குத் தானும் நித்திரை என்றார். பிறகு ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது. உங்கள் வீட்டில் வீடியோ இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் பதிந்து வைத்து வேண்டிய நேரம் பார்க்கலாமே என்றார்.

எனக்கு அது அற்புதமான தீர்வாகப் பட்டது. சந்தோஷத்தோடு மொழிபெயர்த்தேன். அம்மா அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். "ஓம் எண்டு சொல்லு. நன்றி எண்டு சொல்லு" என்றார். மிஞ்சின ரோல்ஸைப் பெட்டியோடு அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும் ரயிலில் அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். குரோருட்டுக்கு ஒரு தரிப்பு இருக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "நல்ல மனுசன். நல்லாத்தான் கேட்டார். ஆனா அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை." எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மொழிபெயர்ப்பைத்தான் குறை சொல்கிறார் என்று எண்ணி வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். ரோல்ஸைப் பற்றியும் முகத்து மாவைப் பற்றியும் சொன்னபோது சிரித்தார். இரண்டு மணிக்கு மாலை வணக்கம் சொன்ன கட்டத்தில் சாப்பாட்டைக் கையில் வைத்தபடி நிறுத்தினார்.

"எப்பவும் அப்பிடியோ? ஒன்பதரைக்கு வந்த நேரத்திலையும்?"

எப்போதும் அப்படித்தான் என்று அந்தப் பெண்பிள்ளை சொன்னாள் என்றேன். அப்பா கையிலிருந்ததைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் பட்டப்பகலிலை நிண்டு கதைச்சவனுக்கோ நான் லோங்ஸ் போட்டனான்?"

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். அப்பாவும் சிரித்தார். ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் அவர் தொலைபேசிப் பக்கம் போனார், அம்மா குசினியைத் துடைக்கப் போனார்.

நான் விடவில்லை. வீடியோவில் நேரம் வைத்துப் பதிய எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. அன்றைய நிகழ்ச்சியையே முதலில் பதிந்தேன். அப்பா அதைச் சனிக்கிழமை வேலைக்குப் போகும் முன்னர் பார்த்தார். சாரத்தோடு, காலை முக்காலியில் போட்டுக்கொண்டு, இடையில் இரண்டு இடத்தை ஓட விட்டும் பார்த்தார். அம்மா ஞாயிற்றுக்கிழமை உடுப்பு மடித்துக்கொண்டு பாதி பார்த்தார், மிச்சப் பாதியில் நித்திரையாகிவிட்டார். தான் முன்வரிசையில் இருந்து தெரிந்த இடத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அடுத்த கிழமையும் அப்படித்தான். சண்டை இல்லாதது எனக்கு ஒரு குறையாகப் பட்டதால் நானே தூது போனேன். விருந்தாளியாக வந்த எழுத்தாளரை இன்னும் கேட்டிருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார் என்று அம்மாவிடம் சொல்வேன். "அப்பிடியோ" என்பார் அம்மா, கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே. அம்மாவின் அபிப்பிராயத்தை அப்பாவிடம் கொண்டுபோனால் அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். அபிப்பிராயமும் வடையைப் போலத்தான், ஆறிப்போனால் ருசியில்லை.

ஒரு வியாழக்கிழமை அப்பா வாசலில் வைத்து அம்மாவிடம் சொல்வது கேட்டது. நோர்வேக்காரன் நாளைக்கு மறுமொழி கேட்கிறான், என்ன சொல்வது? அம்மா கோட்டைக் கொழுவியில் மாட்டிக்கொண்டு நின்றார். "நாளைக்கு இரவு வாங்கோ. வந்தாப் பிறகு சொல்லுங்கோவன்" என்றார். அவன் இரவு வரைக்கும் காத்திருக்க மாட்டானே என்று அப்பா சொன்னதாக நினைவு. அம்மா, "காத்திருப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

மறுநாள் பின்னேரம் அம்மா அப்பாவின் சேட் ஒன்றை எடுத்து அயர்ன் பண்ணினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய வீட்டுக்காவது போகிறோமா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்பா ஒன்பது மணிக்கு வந்து குளித்துவிட்டுச் சாரத்தோடு சாப்பிட்டார். எனக்கு டாக்கோ கிடைத்தது. என்னை வழக்கத்தைவிட முன்னதாகவே படுக்கச் சொன்னார்கள். அறைக் கதவைச் சாத்தும்போது அம்மாவின் குரல் கேட்டது: "என்னப்பா, ஒன்பதரையாகுது."

எனக்கு நித்திரை வரவில்லை. சுவருக்கு அப்பால் பேச்சுக் குரல்கள். முதலில் மெதுவாக, கொஞ்சம் விட்டு விட்டு. அப்புறம் அப்பாவின் குரல் மட்டும் நீளமாக, அப்புறம் அம்மாவின் சிரிப்பு. இவர்கள் அந்தப் பல்வரிசைக்காரரைப் பார்க்கிறார்களா என்று எனக்கு அதிசயமாக இருந்தது. எழும்பிப் போய்க் கதவடியில் நின்றேன்.

அப்பா நீளக் காற்சட்டையும் அயர்ன் பண்ணிய சேட்டும் போட்டுத் தலை வாரிக்கொண்டு செற்றியின் ஒரு நுனியில் நிமிர்ந்து இருந்தார். மறு நுனியில் அம்மா, காலை மடித்துக்கொண்டு, அவர் பக்கம் முழுதாகத் திரும்பி. நடுவில் முறுக்குத் தட்டு. அப்பா யாரோ ஒரு கிழவி தினமும் ஒரே தரிப்பில் ஏறி அடுத்த தரிப்பிலேயே இறங்குகிற கதையைக் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப நீங்கள் அவவிட்டை ஏன் எண்டு கேக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு அம்மா பேசாமல் இருந்தார். அப்பா யோசித்தார். யோசித்து முடிக்கும் வரைக்கும் அம்மா வாயைத் திறக்கவில்லை. "கேட்டனான். நீர் அதைக் கேளும்" என்று அப்பா திரும்பவும் தொடங்கினார். தொலைக்காட்சி அணைந்து கிடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. என்னை முன்னதாகவே படுக்க அனுப்பிவிட்டார்கள், வீடியோவைப் போட இவர்களுக்குத் தெரியவில்லை, பாவம், வெறும் திரைக்கு முன்னால் உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன கிழமைப் பதிவு உள்ளே இருக்கிறது, போட்டுவிடவா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் அப்பா. "நிகழ்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கு. நீ போய்ப் படு."

பெரியவர்கள் தங்களுக்குத் தெரியாததை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை வைத்தியரிடமும் வரி அலுவலகத்திலும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேசாமல் போய் நானே தொலைக்காட்சியைப் போட்டேன். வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது. சத்தத்தையும் நன்றாகக் கூட்டி வைத்தேன். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் திரையைப் பார்த்தார்கள். வடக்கே பாட்ஸ்பியோர்ட் பக்கம் இன்னும் பனி கொட்டும் என்றார்கள். நல்லவேளை நான் எழும்பி வந்தேன் என்ற திருப்தியோடு போய்ப் படுத்தேன்.